ராணியையும் கொடுத்து ஜெயித்த ஆட்டம்!

ஒருவர் தம்முடைய மந்திரியைக் கொடுத்தார். ஒரு யானையைக் கொடுத்தார். இன்னொரு யானையையும் கொடுத்தார். கடைசியில் ராணியையே தூக்கிக் கொடுத்தார்.

அவர்தான் ஜெயித்தார்!

இது கட்டுக்கதை அல்ல. 1851-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி லண்டன் நகரில் நடந்த சதுரங்க ஆட்டம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் உலகம் முழுவதும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "சாகாத ஆட்டம்" என்றே இதற்குப் பெயர்.

ஜெயித்தவர் பெரிய வீரர் என்கிறார்கள். சரி. அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் தோற்றவரைப் பேராசைக்காரர் என்கிறார்கள். கிடைத்ததை எல்லாம் வாரிச் சுருட்டினார், அதனால் கெட்டார் என்கிறார்கள். இந்தப் பேச்சைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்று சொல்லுகிறேன். வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை. சிப்பாய், குதிரை, மந்திரி, யானை, ராணி, ராஜா என்ற காய்களைத் தெரிந்தால் போதும். (மந்திரி என்று நான் சொல்வது குறுக்கே ஓடும் காயை. சிலர் அதை பிஷப் என்பார்கள். யானை என்பது மூலையில் நிற்கும் காய்.)

இரண்டு வாத்தியார்கள்

ஜெயித்தவர் பெயர் அடால்ப் ஆண்டர்சன். ஜெர்மானியர். பிரெஸ்லாவ் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கணக்குச் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. விராட்ஸ்வாப் என்று பெயர். அப்போது அவருக்கு வயது 32.

தோற்றவர் பெயர் லயனல் கீசெரிட்ஸ்கி. வயது 45. இன்று எஸ்டோனியா என்று சொல்லப்படும் நாட்டில், டோர்பாட் நகரில் பிறந்தவர். வேடிக்கை என்னவென்றால், இவரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார்தான்! பிறகு பாரிஸ் நகருக்குப் போய்விட்டார். அங்கே "கபே தெ லா ரெழான்ஸ்" என்ற காப்பிக் கடை உண்டு. சதுரங்கக்காரர்கள் கூடும் இடம். அங்கே உட்கார்ந்து, காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தார்.

1851-ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தது. கண்ணாடி மாளிகை கட்டி, உலகத்துப் பொருள்களை எல்லாம் வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் சதுரங்கப் போட்டி ஒன்றும் வைத்தார்கள். பல நாட்டு ஆட்டக்காரர்கள் கூடிய முதல் பெரிய போட்டி அதுதான். மொத்தம் 16 பேர். தோற்றவர் வெளியே போக வேண்டும்.

முதல் சுற்றிலேயே கீசெரிட்ஸ்கிக்கு ஆண்டர்சன் எதிரியாக வந்தார். கீசெரிட்ஸ்கி தோற்றார், வெளியே போனார். ஆண்டர்சன் கடைசி வரை போய் முதல் பரிசைத் தட்டிக்கொண்டார்.

நாம் பேசும் ஆட்டம் போட்டிக் கணக்கில் சேர்ந்தது அல்ல. ஓய்வு நேரத்தில் இருவரும் பொழுதுபோக்காக ஆடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தம்மை வெளியேற்றிய மனிதரோடு மறுபடியும் சிரித்துக்கொண்டே ஆட உட்கார்ந்தார் கீசெரிட்ஸ்கி. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

காலை வாரும் தந்திரம்

ஆண்டர்சனுக்கு வெள்ளைக் காய். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். கறுப்பும் அப்படியே தள்ளியது.

இரண்டாவது நகர்த்தலிலேயே வெள்ளை ஒரு சிப்பாயை எதிரியின் வாயில் கொண்டுபோய் வைத்தது! பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்ற சிப்பாய் அது. "வேண்டுமானால் வெட்டிக்கொள்" என்று அர்த்தம்.

இதற்குக் "கேம்பிட்" என்று பெயர். இத்தாலிய மொழியில் காலை இடறிவிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மல்யுத்தத்தில் எதிரியின் காலைத் தட்டி விழவைப்பார்கள் அல்லவா? அதுதான். ஒன்றைக் கொடுத்து எதிரியைத் தடுமாற வைப்பது.

சிப்பாயைக் கொடுப்பதால் என்ன லாபம்? எதிரியின் சிப்பாய் நடுப் பலகையை விட்டு ஓரமாகப் போய்விடுகிறது. நடுவிடம் வெள்ளைக்குக் கிடைக்கிறது. காய்களை வெளியே கொண்டுவர வழியும் திறக்கிறது. ஆனால் ஆபத்தும் உண்டு. சொந்த ராஜாவின் பக்கத்துக் கதவு அல்லவா திறந்து கிடக்கிறது!

கறுப்பு சிப்பாயை வெட்டியது. அந்தக் காலத்தில் கொடுத்ததை வாங்காமல் விடுவது கௌரவக் குறைவாகத் தோன்றும். வெள்ளை தன் மந்திரியை வெளியே எடுத்தது. கறுப்பு ராணி பாய்ந்து வந்து "செக்" வைத்தாள். வெள்ளை ராஜா ஒரு கட்டம் நகர்ந்தார். இனி அவரால் கோட்டை கட்ட முடியாது.

இப்போது கீசெரிட்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா?

அவரும் ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தார்! ராணி பக்கத்துக் குதிரைக்கு முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வெள்ளை மந்திரியின் வாயில் வைத்தார். வெள்ளை மந்திரி அதை வெட்டினார்.

இதை யாரும் சொல்வதில்லை. பேராசைக்காரர் என்று பெயர் வாங்கியவர், நான்காவது நகர்த்தலிலேயே வாங்கிய சிப்பாய்க்குப் பதில் சிப்பாய் கொடுத்துவிட்டார். இது அவருக்குப் பிடித்த வழி. இதே தந்திரத்தை வைத்து முன்பு வேறொருவரை அழகாக ஜெயித்தும் இருக்கிறார்.

கவலைப்படாத மந்திரி

அடுத்த சில நகர்த்தல்களில் கறுப்பு ராணி ஓரமாக அலைந்தாள். ஒரு சமயம் அவள் நின்ற இடத்திலிருந்து வெள்ளைக் குதிரையையும் வெள்ளை மந்திரியையும் ஒரே நேரத்தில் மிரட்டினாள். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும்.

ஆண்டர்சன் குதிரையைத் தூக்கி நடுவே, ராணிக்கும் மந்திரிக்கும் இடையில் கொண்டுவந்து வைத்தார். ஒரே நகர்த்தலில் இரண்டும் தப்பின. நல்ல வேலை!

கறுப்பு விடவில்லை. ஒரு சிப்பாயைத் தள்ளி மந்திரியை மறுபடியும் மிரட்டியது.

வெள்ளை மந்திரியை நகர்த்த வேண்டும். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். ஆண்டர்சன் செய்யவில்லை. வேறு பக்கம் ஒரு சிப்பாயைத் தள்ளிக் கறுப்புக் குதிரையை விரட்டினார். பிறகு யானையை ஒரு கட்டம் நகர்த்தி அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் நிறுத்தினார். மந்திரி அங்கேயே நின்றார்.

பதினோராவது நகர்த்தலில் கறுப்பு மந்திரியை வெட்டியது.

பிறகு நடந்ததுதான் கூத்து. வெள்ளைச் சிப்பாய் ஒன்று கறுப்பு ராணியை விரட்டியது. அவள் ஒரு கட்டம் ஒதுங்கினாள். அதே சிப்பாய் மறுபடியும் விரட்டியது. அவள் பழைய இடத்துக்கே வந்தாள். வெள்ளை ராணி புறப்பட்டாள். அடுத்த நகர்த்தலில் கறுப்பு ராணி சிறைப்படப் போகிறாள்! போக இடமில்லை. அவளுக்கு வழிவிட, கறுப்புக் குதிரை தான் முதலில் நின்ற வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பலகையைப் பாருங்கள்.

பதினான்கு நகர்த்தல்கள் முடிந்துவிட்டன. கறுப்பின் குதிரைகள் இரண்டும் வீட்டில். யானைகள் இரண்டும் வீட்டில். மந்திரிகள் இரண்டும் வீட்டில். ராஜா வீட்டில். ராணி ஒருத்திதான் வெளியே! ஒரு மந்திரி அதிகம் என்று கறுப்பு சந்தோஷப்படலாம். ஆனால் சண்டைக்கு வந்தது யார்?

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும்போது கவனித்திருப்பீர்கள். வெட்டிய காய்களைப் பலகைக்கு வெளியே வரிசையாக நிறுத்துவார்கள். "என்னிடம் ஆறு, உன்னிடம் மூன்று" என்று எண்ணுவார்கள். பார்க்கிற பெரியவர்களும் அந்த வரிசையைப் பார்த்துத்தான் "நீதான் ஜெயிப்பாய்" என்று சொல்லுவார்கள்.

வெளியே நிற்கும் காயை எண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணட்டும். அதோடு பலகைக்கு உள்ளே எத்தனை காய் வேலை செய்கிறது என்றும் எண்ணச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுவதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டு யானைகள்

இனி வேகமாகப் போகலாம். வெள்ளைக் குதிரைகள் இரண்டும் பலகையின் நடுவே வந்து கால் ஊன்றிக்கொண்டன. இன்னொரு மந்திரியும் வந்துவிட்டார். கறுப்பு ஒரு மந்திரியை வெளியே எடுத்தது. அவர் வெள்ளை யானையைக் குறிவைத்தார். கறுப்பு ராணி ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டு வெள்ளையின் கோட்டைக்குள் புகுந்தாள். அவள் இன்னொரு யானையைக் குறிவைத்தாள்.

இரண்டு யானையும் ஆபத்தில். இது பதினெட்டாவது நகர்த்தல்.

ஆண்டர்சன் யானைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மந்திரியைக் கொண்டுபோய்க் கறுப்பு ராஜாவுக்கு அருகில் வைத்தார். "இரண்டையும் எடுத்துக்கொள்" என்பது போல!

கறுப்பு மந்திரி ஒரு யானையை வெட்டினார்.

அடுத்தாற்போல் ஆண்டர்சன் செய்த காரியம் மிகச் சின்னது. ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னால் தள்ளினார். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ராணியைக் கொடுத்ததைவிட இதுதான் அழகு. கறுப்பு ராணி வெள்ளையின் மூலைப் பக்கம் இருந்தாள். அங்கிருந்து தன் ராஜாவைக் காக்கத் திரும்பி வர ஒரே ஒரு நீண்ட குறுக்கு வழிதான் இருந்தது. அந்த வழியின் நடுவே சிப்பாய் போய் நின்றுகொண்டது. கதவைச் சாத்தித் தாழ் போட்டது போல!

கறுப்பு ராணி மூலையில் நின்ற யானையை வெட்டி "செக்" வைத்தாள். வெள்ளை ராஜா ஒரு கட்டம் நகர்ந்துகொண்டார். கறுப்பு ஒரு குதிரையை ஓரமாக எடுத்து வைத்தது.

பிறகு மூன்றே நகர்த்தல்.

வெள்ளைக் குதிரை ஒரு சிப்பாயை வெட்டிச் "செக்" வைத்தது. கறுப்பு ராஜா ஒதுங்கினார். வெள்ளை ராணி கறுப்புக் குதிரையின் வாயில் போய் நின்று "செக்" வைத்தாள். குதிரை அவளை வெட்டியது. வெட்டாவிட்டாலும் ஆட்டம் முடிந்திருக்கும். அந்தக் குதிரை காவல் காத்த கட்டம் இப்போது காலி. வெள்ளை மந்திரி அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தார்.

ராஜா மாட்டிக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. மொத்தம் 23 நகர்த்தல்கள்.

கணக்குப் பாருங்கள்

சதுரங்கத்தில் காய்களுக்கு மதிப்பு உண்டு. சிப்பாய் 1. குதிரை 3. மந்திரி 3. யானை 5. ராணி 9.

வெள்ளை இழந்தது: ஒரு ராணி, இரண்டு யானைகள், ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய்கள். கூட்டினால் 24.

கறுப்பு இழந்தது: மூன்று சிப்பாய்கள். அதாவது 3.

24 கொடுத்தவர் ஜெயித்தார். 3 கொடுத்தவர் தோற்றார். கடைசியில் பலகையில் வெள்ளையிடம் இருந்த பெரிய காய்கள், ராஜாவை விட்டால், இரண்டு குதிரையும் ஒரு மந்திரியும்தான். அந்த மூன்றும் கறுப்பு ராஜாவைச் சுற்றி நின்றன. கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, இரண்டு மந்திரி, இரண்டு குதிரை எல்லாமே இருந்தன! ராணி எதிரியின் மூலையில். ஒரு மந்திரியும் அங்கேதான். யானைகளும் இன்னொரு மந்திரியும் ஆட்டம் முழுவதிலும் ஒரு கட்டம்கூட நகரவில்லை.

கறுப்பு ஆடிய 22 நகர்த்தல்களில் ராணி மட்டும் 8 முறை ஓடினாள். நான் எண்ணிப் பார்த்தேன்.

யந்திரம் கண்ட குறை

"அப்படியானால் பேராசைதானே தோற்கடித்தது?" என்று கேட்பீர்கள்.

இல்லை. கேளுங்கள்.

இன்று கம்ப்யூட்டர் சதுரங்கம் ஆடுகிறது. உலகச் சாம்பியனைவிட நன்றாக ஆடுகிறது. அதனிடம் இந்த ஆட்டத்தைக் காட்டினால் என்ன சொல்லும்? ஆண்டர்சன் இரண்டு யானையையும் விட்டுவிட்டு மந்திரியை நகர்த்தினாரே, அதையே குறை சொல்லும்! அதைவிடச் சாதாரணமான, உறுதியான நகர்த்தல்கள் அவருக்கு இருந்தன. அந்த இடத்தில் கறுப்பு சரியாக ஆடியிருந்தால் சண்டை நீண்டிருக்கும்.

இதைச் சொல்ல யந்திரம்கூடத் தேவையில்லை. 1879-ம் ஆண்டிலேயே ஸ்டைனிட்ஸ் என்ற மேதை சொல்லிவிட்டார். மந்திரியால் யானையை வெட்டுவதற்கு முன்பு, ராணியால் மூலை யானையை வெட்டிச் "செக்" வைத்து, உடனே ராணியை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்திருக்க வேண்டும் என்றார்.

கவனியுங்கள். "யானையை வெட்டியிருக்கக் கூடாது" என்று அவர் சொல்லவில்லை. எந்த யானையை முதலில் வெட்டுவது என்பதுதான் கேள்வி! கீசெரிட்ஸ்கி செய்த தப்பு ஆசைத் தப்பு அல்ல. வரிசைத் தப்பு. அடுப்பில் எண்ணெய் காய்வதற்கு முன் கடுகைப் போட்டுவிட்ட மாதிரி.

கொடுத்ததை வாங்கினால் கெட்டுப்போவோம் என்று இந்த ஆட்டத்தை வைத்துச் சொல்லுவது பொய். பல கேம்பிட் ஆட்டங்களில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நிதானமாகத் தற்காத்தவர்தான் ஜெயிக்கிறார். பெரிய போட்டிகளில் இந்த ராஜா கேம்பிட் அபூர்வமாகிவிட்டதற்கும் அது ஒரு காரணம்.

ஒரு சதுரங்க வகுப்பில் நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆட்டத்தைத்தான் காட்டினார்கள். கடைசி நகர்த்தல் வந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு சின்னப் பெண், "தோற்றுப் போனவர் யார் சார்?" என்று கேட்டாள். "யாரோ ஒரு பேராசைக்காரர்" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1858-ல் இதே ஆண்டர்சன் பாரிஸ் நகரில் பால் மார்பி என்ற அமெரிக்க இளைஞரிடம் தோற்றார். இரண்டு ஆட்டம் ஜெயித்தார். ஏழு ஆட்டம் தோற்றார். ஆண்டர்சனை இதற்காக யாராவது கேலி செய்கிறார்களா? இல்லையே! அவருக்கு ஒரு நியாயம், கீசெரிட்ஸ்கிக்கு ஒரு நியாயமா?

தோற்றவர் செய்த காரியம்

இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் பேசினேன்.

ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டம் அது. போட்டிக் கணக்கில் சேராதது. கீசெரிட்ஸ்கி காய்களைப் பெட்டியில் போட்டு மூடியிருந்தால் போதும். தோல்வியும் மூடிப் போயிருக்கும். இப்படிப்பட்ட ஆட்டங்களை ஆடியவர்களே மறுநாள் மறந்துவிடுவது உண்டு.

கீசெரிட்ஸ்கி என்ன செய்தார்? பாரிஸில் அவரே ஒரு சதுரங்கப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். "லா ரெழான்ஸ்" என்று பெயர். 1851 ஜூலை மாதத்திலேயே அந்தப் பத்திரிகையில் இந்த ஆட்டத்தை அச்சிட்டுவிட்டார்!

ஆசிரியரும் அவர். தோற்றவரும் அவர். தம்முடைய தோல்வியைத் தம் சொந்தப் பத்திரிகையில் தாமே போட்டார்.

லண்டனிலிருந்து பாரிசுக்கு ஆட்டத்தைத் தந்தி அடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அதில் சந்தேகம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பி பொதுமக்கள் உபயோகத்துக்கு வந்தது 1851 நவம்பரில்தான். ஆட்டம் நடந்ததோ ஜூனில். கதை எப்படி இருந்தாலும் பத்திரிகை உண்மை.

யோசித்துப் பாருங்கள். அவர் பிழைப்பே சதுரங்கம் சொல்லிக் கொடுப்பது. "இவர் இப்படித் தோற்றாரா?" என்று மாணவர்கள் நினைத்தால் வரும்படி போய்விடும். பள்ளிக்கூடத்தில் மாதச் சம்பளம் வாங்கிய ஆண்டர்சனுக்கு அந்தப் பயம் இல்லை. கீசெரிட்ஸ்கிக்கு உண்டு. அப்படியும் போட்டார். ஆட்டம் அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அழகு தமக்கு எதிராகத் திரும்பியிருந்தாலும் அவரால் மறைக்க முடியவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்மில் எத்தனை பேர் தோற்ற கதையை நாமே ஊருக்குச் சொல்லுவோம்? சீட்டில் தோற்றால்கூட "காய்ச்சலோடு ஆடினேன்" என்கிறோம்!

அதனால் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்களுக்கு ஒரு விண்ணப்பம். கரும்பலகையில் ஆண்டர்சன் பெயரை எழுதும்போது பக்கத்தில் கீசெரிட்ஸ்கி பெயரையும் எழுதுங்கள். பெயர் கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகள் இரண்டு முறை சொன்னால் வந்துவிடும். பதினெட்டாவது நகர்த்தலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். பலகையைத் திருப்பி வைத்து, "நீ கறுப்பு. என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். ஸ்டைனிட்ஸ் கண்ட வழியை ஏதாவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அப்போது சரியான பதில் சொன்னதாக இருக்கும்.

"சாகாத ஆட்டம்" என்ற பெயரை வைத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் பால்க்பேர். அவரும் சதுரங்கக்காரர். பெயர் வைத்த ஆண்டு 1855.

கீசெரிட்ஸ்கி அந்தப் பெயரைக் கேட்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1853-ல், பாரிஸில் காலமாகிவிட்டார்.